மேனேஜர் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கி, கீழ் வாசலுக்கு வந்த பிறகுதான் அவள் அதைக் காலில் மாட்டிக்கொள்வாள். சாப்பாட்டுப் பையை முன்கூட்டியே வெளியே கொண்டுபோய் வைத்திருப்பாள். தாழ்ப்பாள் சத்தம் போடக் கூடாது என்று அதற்கு எண்ணெய் விட்டாயிற்று. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டிலிருந்து வேலைக்குப் போவதற்கு இத்தனை திருட்டுத்தனம். எல்லாம் மேனேஜருக்காக.

மேனேஜர் என்பது நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும், சாதி கேட்டால் சொல்லத் தெரியாது. மாமனார் வைத்த பெயர். அவர் ஒரு கிடங்கில் எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “வேலையில இருந்தவரைக்கும் மேனேஜர் சொல்லி நான் உட்கார்ந்தேன், மேனேஜர் சொல்லி எழுந்திருச்சேன். இனிமே நான் சொல்லி ஒரு மேனேஜர் உட்காரட்டுமே” என்பார். நாய் ஒரு நாளும் அவர் சொல்லி உட்கார்ந்ததில்லை. அதில் அவருக்கு இன்னும் சந்தோஷம். பெயருக்கு ஏற்ற குணம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வார்.

பகலெல்லாம் அவர்கள் இருவர்தான் வீட்டில். அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டார்களோ அங்கே ஓட வேண்டும். அவள் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். விடிந்தும் விடியாமலும், வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக லேபைத் திறக்க வேண்டும். அவள் “போயிட்டு வரேன்” என்று கிளம்பும்போது மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரிம்மா, பத்திரமா போயிட்டு வா” என்பார். அந்தக் குரலைக் கேட்காமல் அவள் படியிறங்கியதில்லை. அவரும் கடைக்குப் போகும்போதெல்லாம் நாயிடம் சொல்லிக்கொண்டுதான் போவார். “மேனேஜர் சார், போயிட்டு வரேன்.” போன வேகத்தில் வந்துவிடுவார். நாயும் நம்பிக்கொண்டு கதவடியில் படுத்திருக்கும்.

நெஞ்சுவலி வந்த அன்றைக்கு, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அவர் அந்த மரியாதையை விடவில்லை. வியர்த்து வழிந்த முகத்தைத் திருப்பி, “போயிட்டு வரேன் மேனேஜர்” என்றார். பிறகு வரவில்லை.

அதிலிருந்து அந்த ஒரு வார்த்தை வீட்டில் விஷமாகிவிட்டது. யார் வாயிலிருந்து ‘வரேன்’ வந்தாலும் மேனேஜருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். கதவுக்கும் நாற்காலிக்கும் நடக்கும், கதவின் அடிப்பலகையைப் பிராண்டும், கடைசியில் தலையைத் தூக்கி ஓர் ஊளை. ஃபோனில் யாரிடமோ “இதோ வரேன்” என்றாலும் அதே கூத்து. வார்த்தையைச் சொல்லாமல் விட்டால் ஊளை கொஞ்சம் குறையும் என்று கண்டுபிடித்தது அவள் கணவன்தான். வேறு என்ன சொல்லிவிட்டுப் போவது? ஒரு நாள் அவன் அவசரத்தில் வெறுமனே “போறேன்” என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. அப்பன் போய் மூன்று மாசம்கூட ஆகாத வீட்டில் பேசுகிற பேச்சா அது என்று அன்றைக்குச் சண்டை. ஒன்றைச் சொல்லக் கூடாது, இன்னொன்றைச் சொல்ல முடியாது. அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமலே போக ஆரம்பித்தார்கள். அவன் குளித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து அவள் தோசை வார்த்து வைத்திருப்பாள். அவன் எப்போதோ போயிருப்பான். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சொல்லாமல் போனாலும் காலி வீடு காலி வீடுதானே. நடுப்பகலில் மேனேஜர் ஊளையிட்டது. கீழ் வீட்டில் வீட்டுக்காரரின் மகள் பச்சைக் குழந்தையோடு இருந்தாள். நாய் குரல் கொடுத்தால் குழந்தை குரல் கொடுக்கும், குழந்தையை அடக்கினால் நாய் மறுபடி ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. படியில் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கும் உங்க மாமனார் மேல மரியாதை உண்டும்மா. ஆனா என் பொண்ணு தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா. இந்த மாசத்துக்குள்ள பகல்ல அதை எங்கயாவது விடறதுக்குப் பாருங்க. இல்லன்னா நாயா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.” மிருக வைத்தியரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மாத்திரை கொடுத்தால் தூங்கும், ஆனால் பயம் தூங்காது, பகலில் கூட ஓர் ஆள் இருந்தால் போதும் என்றார்.

ஓர் ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஊருக்கு வெளியே நாய்களுக்கென்று ஒரு விடுதி. ஏசி அறை, குளிக்கத் தொட்டி, வேலையிலிருந்தபடியே நாயைப் பார்க்க கேமரா. வரவேற்பிலிருந்த பெண், “உங்க பேபிக்கு என்ன வயசு?” என்று கேட்டாள். பேபி அவள் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கட்டணத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் கணவன், “நம்ம ரெண்டு பேரும் இங்க வந்து படுத்துக்கலாம். மேனேஜர் வேலைக்குப் போகட்டும்” என்றான். அடுத்தது ஒரு மொட்டைமாடி. தகரக் கூரைக்குக் கீழே மூலைக்கு ஒன்றாகக் கட்டிப்போட்ட நாய்கள், தலைவலிக்கிற அளவுக்கு பினாயில் வாசனை. கட்டணம் தாங்கும்படி இருந்தது. நடத்துகிறவன் நல்லவன்போலத்தான் பேசினான். “ரெண்டு நாள் கத்தும். அப்புறம் தொண்டை கட்டிக்கிட்டு அதுவே நிறுத்திடும், கவலைப்படாதீங்க.” மேனேஜர் நின்ற இடத்திலேயே ஈரமாக்கிவிட்டது. அவள் அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

தையல்காரம்மா கிடைத்தது தற்செயலாக. லேபில் போடுகிற வெள்ளைக் கோட்டின் பாக்கெட் கிழிந்துவிட்டதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் விசாரித்துக்கொண்டு போனாள். வீட்டில் விட முடியாதே என்று மேனேஜரும் கூட வந்தது. வீட்டின் முன்னறையில் கழுத்தளவுக்குத் துணிக் குவியல். ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவர். வாரத்துக்கு ஒரு முறை ஆட்டோவில் துணிக்கட்டு வரும், தைத்த கட்டு போகும். மற்றபடி அந்த வீட்டுக்கு ஆள் வருவதில்லை. பேச்சுக்கு மெஷின்தான் துணை. மெஷின் ஓட ஆரம்பித்ததும் மேனேஜர் மெல்ல உள்ளே போய், தையல்காரம்மாவின் காலடியில், அந்த அதிர்வுக்குப் பக்கத்தில், ஒருக்களித்துப் படுத்தது. பாக்கெட் தைத்து முடிவதற்குள் குறட்டை கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். எவ்வளவு தரட்டும் என்று கேட்டாள்.

“தைக்கறதுக்குத்தான் கூலி. தூங்கறதுக்கு என்ன கூலி?” என்றார் தையல்காரம்மா. “முடிஞ்சதைக் குடு. அது இருக்கறது எனக்கும் நல்லாத்தான் இருக்கு.”

மறுநாள் காலையில் கொண்டுபோய் விட்டபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குக்கர் விசில் ஆகாது, தலையில் தொடாமல் முதலில் தாடையில் தொட வேண்டும், தட்டை ஓசைப்படாமல் வைக்க வேண்டும். பிறகு, “இன்னொண்ணுக்கா, ஒரு வார்த்தை இருக்கு, அதை மட்டும்…” என்று ஆரம்பித்தாள். மெஷினுக்குக் கீழேயிருந்து மேனேஜர் அவளையே பார்த்தது. மடிந்த காதுகூடக் கொஞ்சம் எழுந்தது. சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? “ஃபோன்ல சொல்றேன்” என்று விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினாள்.

மதியம் ஃபோன் செய்தாள். தையல்காரம்மாவுக்கு இரண்டு கையும் துணியில் இருக்கும், எந்த ஃபோனையும் ஸ்பீக்கரில்தான் எடுப்பார். காலடியில் மேனேஜர். “நல்லா தூங்குது. ஏதோ சொல்லணும்னியே?” என்று அறை முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார். “அப்புறம் சொல்றேன்க்கா” என்றாள். சாயங்காலம் கூட்டிவரப் போனபோது நாய் வாலாட்டிக்கொண்டு முன்னாலேயே நின்றது. இப்படியே ஒத்திப்போட்டதில் வாரங்கள் ஓடின. மேனேஜர் கொஞ்சம் சதை போட்டது. வீட்டுக்காரர் படியில் பார்த்தால் சிரித்தார். எல்லாம் நன்றாக நடக்கும்போது யார் போய்ப் பழைய வியாதியைக் கிளறுவார்கள்? அவள் மறந்தே போனாள்.

லேபில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. எந்த நரம்பாக இருந்தாலும் குத்துவதற்கு முன்னால், “இப்ப லேசா குத்தும்” என்று சொல்லாமல் அவள் ஊசியைத் தொட மாட்டாள். சொல்லிவிட்டால் பாதி வலி போய்விடும் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பாடமே எடுப்பாள். அந்த வியாழக்கிழமை அப்படி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஃபோன் அடித்தது.

அவள் ஓடி வந்தபோது தையல்காரம்மா தெருமுனையில் அழுதுகொண்டு நின்றார். மெஷின் ஊசி உடைந்துவிட்டது, வேறு ஊசி கைவசம் இல்லை, கடை நாலு எட்டில்தான் இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் ஜன்னலில் அடித்திருந்த கொசுவலை ஒரு பக்கமாகக் கிழிந்து தொங்குகிறது. அவரோடு முன்னறைக்குள் போய்ப் பார்த்தாள். துணிக் குவியல் ஜன்னல்வரை சரிந்து கிடந்தது. கிழிந்த வலையில் பழுப்பு முடி.

“சொல்லிட்டுத்தானேம்மா போனேன்” என்றார். “சொல்லாம போனா பயந்துக்குமேன்னு, தாடையைத் தொட்டு, இதோ போயிட்டு வரேன் ராஜான்னு சொல்லிட்டுத்தான் கதவையே சாத்தினேன். கடை வாசல்ல நிக்கறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. எந்த வீட்டு நாயோன்னு நினைச்சேன்.”

அந்த வார்த்தையைக்கூட எத்தனை பிரியமாகச் சொல்லியிருக்கிறார். “உங்க மேல தப்பே இல்லக்கா. நான்தான் ஒரு வார்த்தையைச் சொல்லாம விட்டுட்டேன்.”

“என்ன வார்த்தை?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பழக்கத்தில் கீழே, மெஷினுக்கு அடியில் பார்த்தாள். தலையணை உறைத் துணி ஒன்று, நடுவில் குழிந்து, காலியாகக் கிடந்தது. இனி யாருக்குப் பயந்து சொல்லாமல் இருப்பது என்று தோன்றியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கணவன் வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தான். மேனேஜரின் கயிற்றை அவள் கையில் எடுத்துக்கொள்ள, தெருத்தெருவாக, “மேனேஜர், மேனேஜர்” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவர் நிறுத்தி, “எந்த பேங்க் மேனேஜர்மா?” என்று அக்கறையாகக் கேட்டார். கார்களுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணலைச் சுற்றி வந்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு சுவரில் சாய்ந்து நின்று கணவன் சொன்னான்: “பயந்துபோய் எங்கயோ பதுங்கியிருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வராது. அதைக் கத்த வைக்கணும். கத்தினாத்தான் எங்க இருக்குன்னு தெரியும்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படிக் கத்த வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“நீ இந்தப் பக்கம் போ. நான் அந்தப் பக்கம் பார்க்கறேன்” என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளைப் பார்த்து, சத்தமாக, “போயிட்டு வரேன்” என்றான்.

“ம்” என்றாள்.

அவள் நுழைந்தது வீடுகள் நெருக்கமாக இருந்த நீண்ட தெரு. வரிசையாகச் சாத்திய கேட்டுகள். முதல் கேட்டின் முன்னால் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெதுவாக, “போயிட்டு வரேன்” என்றாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. அடுத்த கேட்டில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று. அடுத்த தெருவிலிருந்து கணவனின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது, அதே இரண்டு வார்த்தைகள். இத்தனை மாதம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இரண்டு பேரும் தெருவில் நின்று சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டியது மட்டும் கேட்கவில்லை.

தெருவின் கோடியில் பச்சை பெயின்ட் உரிந்த ஒரு கேட். உள்ளே விளக்கு இன்னும் போடவில்லை. பக்கவாட்டில் செடிகள் மண்டி, நாய் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருட்டத் தொடங்கியிருந்த அந்த இடுக்கைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

“போயிட்டு வரேன்.”

உள்ளேயிருந்து நாற்காலி நகரும் சத்தம். முகம் தெரியவில்லை. பேப்பரை மடிக்கிற ஓசையோடு, வயதான ஆண் குரல் ஒன்று, வீட்டில் யாரோ கிளம்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டதோ என்னவோ, சாவகாசமாகச் சொன்னது.

“சரிம்மா, பத்திரமா போயிட்டு வா.”

அவள் கம்பியை விடவில்லை. ஒரு கையில் மேனேஜரின் கயிறு தரையைத் தொட்டுக்கொண்டு தொங்க, மூச்சை அடக்கிக்கொண்டு, அங்கேயே நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.