குறுக்கே போன சோறு

அந்த வீட்டில் அக்கா சாப்பிட்டது தம்பி உடம்பில் ஒட்டியது, தம்பி சாப்பிட்டது அக்கா உடம்பில் ஒட்டியது. ருசி தெரிவதும் வயிறு நிறைவதும் ஏப்பம் வருவதும் சாப்பிட்டவருக்கேதான். சத்து மட்டும் குறுக்கே போனது. பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் முதல் பதினோரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. இருவரும் இரட்டைப் பிள்ளைகள். எட்டு நிமிடம் முந்திப் பிறந்த ஒரே காரணத்துக்காக அவளுக்கு அக்கா என்ற பட்டமும், அந்தப் பட்டத்தோடு சேர்த்து வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தன. அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். அம்மா சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். சுண்ணாம்பு உதிரும் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

அம்மா கெட்டவள் இல்லை. மற்ற அம்மாக்கள் செய்ததைத்தான் அவளும் செய்தாள். முட்டை பையனுக்கு, முட்டை வெந்த குழம்பு பெண்ணுக்கு. பாலாடை பையனுக்கு, பால் பாத்திரத்தைக் கழுவும் வேலை பெண்ணுக்கு. ஆம்பளைப் பிள்ளை, ஓடியாடுகிறவன் என்று காரணம் சொன்னாள். ஆனால் ஓடியாடுகிறவன் எலும்பும் தோலுமாக இருந்தான், மேல் சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். குழம்பும் வெறுஞ்சோறும் தின்றவளோ கன்னம் உப்பி, கை கால் உருண்டு திரண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை பாவாடை மாற்ற வேண்டிய நிலையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "எல்லாத்தையும் பொண்ணுக்கே கொட்றீங்க போல" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் முதல் பையனுக்கு இரண்டு முட்டை. அந்த மாதக் கடைசியில் பெண்ணின் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது. "இவன் திங்கறதெல்லாம் எங்கதான் போகுதோ" என்று அம்மா தினமும் கேட்டாள். அது எங்கும் போகவில்லை, ஐந்தடி தள்ளி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஆறாம் வகுப்பில் உணவைப் பற்றி ஒரு பாடம் வந்தது. மாவுச்சத்தும் கொழுப்பும் உழைக்கத் தெம்பு தரும், பருப்பும் முட்டையும் பாலும் உடம்பை வளர்க்கும், காயும் கீரையும் பழமும் நோய் வராமல் காக்கும், தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அறிவியல் டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுதி வரச் சொன்னாள். பிறகு எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து எல்லோரையும் அதில் ஏற்றினாள். இரட்டையர் முறை வந்தபோது இருவரும் நோட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கையெழுத்தைப் பார்த்தாள், மாறவில்லை. அந்த டீச்சர் எதையும் சோதித்துப் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. நாற்பது நாள் மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தன் டப்பாவிலிருந்து ஓர் அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கொய்யாப்பழம் கொடுத்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நாற்பதாம் நாள் பெண்ணின் எடை இருந்த இடத்திலேயே இருந்தது. பையன் இரண்டு கிலோ ஏறியிருந்தான், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பந்தைப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே உதைத்திருந்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நோட்டின் ஓரத்தில் 'குறுக்கே போகிறது' என்று எழுதினாள். பெற்றோருக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். பிறகு அடுத்த பாடத்துக்குப் போனாள்.

விஷயம் தெரிந்த அன்றைக்கே வீட்டில் தட்டு இடம் மாறியது. முட்டை பெண்ணுக்கு வந்தது, பாலாடையும் வந்தது, பையனுக்குக் குழம்பும் சோறும். இப்போது பையன் தளதளவென்று வளர்ந்தான், பெண் துரும்பாக இளைத்தாள். தினமும் முட்டை தின்று இளைத்த பிள்ளை அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. முட்டை தன் தட்டில் விழுகிறது, தனக்காக விழவில்லை என்பது அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அது அவளுக்கு வலித்தது. மூன்றாம் மாதம் பிரார்த்தனை நேரத்தில் அவள் மயங்கி விழவும், டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, பழைய பூட்டுகள் நிறைந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "ரெண்டு தட்டுலயும் ஒரே மாதிரி போடுங்கம்மா. எது எங்க போகுதுன்னு பாக்காதீங்க" என்றாள். அம்மா தலையாட்டினாள். அன்றிலிருந்து பொத்தான் தைக்கும் நூலால் முட்டையை இரண்டாக அறுத்துப் போட்டாள். நூல் எப்போதும் கொஞ்சம் ஒரு பக்கமாகவே இறங்கியது. பெரிய பாதி பெண்ணின் தட்டுக்குப் போனது.

இப்படியே இன்னொரு பதினோரு வருஷம் ஓடியது. தம்பி உயரமான கட்டடங்களில் லிப்ட் ரிப்பேர் செய்யும் வேலையில் சேர்ந்தான். அக்காவுக்கு ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளியிருந்த ஊரில், விதை பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. ஈரத்தாளில் நூறு விதையைப் பரப்பி எத்தனை முளைக்கிறது என்று எண்ணும் வேலை. அவள் பெட்டி கட்டும்போது அம்மா, "ஹாஸ்டல் சாப்பாட்டைத் தின்னா இவன் என்னத்துக்கு ஆவான்" என்று புலம்பினாள். தம்பி சிரித்துக்கொண்டே, "போறதுன்னா போ, பருப்பை மட்டும் விட்டுடாதே" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அக்கா பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினோரு வருஷமா என் தட்டுல விழுந்த முட்டை ஒண்ணுகூட எனக்காக விழலைடா. உனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் சிரிக்கிறே."

அவனுக்குத் தெரியும். தெரிந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "அப்ப சாப்பிடாதே போ. உன்னை யாரு கெஞ்சினா?"

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை. பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார், அடுத்த வருஷம் அம்மாவும். இரண்டு சாவுக்கும் அக்கா வந்து ஒரு பக்கம் நின்றாள், தம்பி இன்னொரு பக்கம் நின்றான், வந்தவர்கள் இருவரிடமும் தனித்தனியாகத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் தபால் பிரிக்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள், தம்பி போகவில்லை. தனி ஆளாகிவிட்ட தம்பி அடுப்பையே பற்றவைக்கவில்லை. காலையில் ஒன்றுமில்லை, மதியம் பன், சாயங்காலம் எண்ணெயில் பொரித்தது ஏதாவது, நடுவில் பதினொரு டீ. ஆனாலும் ஆள் மதயானை மாதிரி இருந்தான், மோட்டாரைத் தோளில் வைத்து எட்டு மாடி ஏறினான். கம்பெனி டாக்டர் அவன் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "என்னய்யா சாப்பிடுறே, எனக்கும் சொல்லு" என்று கேட்டார். ஒன்பது மணி நேரம் தள்ளி ஒருத்தி ஆய்வகத்து மேசையில் டப்பாவைத் திறந்து, பருப்பு, ஒரு கீரை, ஒரு காய், ஒரு பழம், தயிர் என்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கோ சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது, நகம் அட்டை மாதிரி மடங்கியது. எதற்காக இப்படிப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறாய் என்று கணவன் ஒருநாள் கேட்டதற்கு, "அவன் உசரத்துல வேலை பாக்கறான்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வயிற்றில் குழந்தை தங்கியது. முதல் பரிசோதனையில் ரத்த அளவு பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதம் விடாமல் விழுங்கியும் ஏழு ஏழாகவே இருந்தது. "இப்படியே போனா பிரசவத்துல ரத்தம் போறதைத் தாங்க மாட்டாங்க" என்று டாக்டரம்மா கணவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மாத்திரை எங்கே போகிறது என்று அக்காவுக்குத் தெரியும், கணவனிடமும் சொல்லியிருந்தாள். ஆனால் போன் பண்ணிக் கேட்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தாள். செத்தாலும் எனக்காகச் சாப்பிடு என்று அவனைக் கெஞ்ச மாட்டேன் என்றாள். அதற்குள் வாந்தியும் சேர்ந்துகொண்டது, தண்ணீர்கூட நிற்கவில்லை. ஒன்பது மணி நேரம் தள்ளி, ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில், தம்பிக்கு முதல் தடவையாக முழங்கால் நடுங்கியது. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கினான். பழிவாங்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தான். அந்த நினைப்பில் ஒரு வாரம் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தபால் பிரிக்கிறவன் கதவைத் தட்டினான்.

தம்பி கதவைத் திறந்ததும், "என்ன, பட்டினி கிடக்கறாளா?" என்று கேட்டான்.

"வாந்தி, மச்சான். மூணாவது மாசம்" என்றான் வந்தவன். ரத்தச் சீட்டை நீட்டினான். தம்பி அதை வாங்கிப் படித்தான்.

"அவ அனுப்பினாளா?"

"இல்லை. நான் வந்தது தெரிஞ்சா என்னைத் தின்னுடுவா."

"தின்னட்டும். அதுவும் எனக்குத்தான் வந்து சேரும்" என்று சொல்லிவிட்டு, தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். ஆறு வருஷம் எட்டு மாடி ஏறிய காலெல்லாம் அவள் மென்று கொடுத்த கால் என்பதும், அவள் தலையிலிருந்து உதிர்ந்த முடியெல்லாம் தான் குடித்த டீ என்பதும் அவனுக்கு அந்தச் சீட்டில் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அவன் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் முறை வந்தபோது நர்ஸ் தலையைத் தூக்காமல், "எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். மூன்று முடியப் போகிறது என்றான். அப்போதுதான் நிமிர்ந்தாள். "யாருக்கு?" "மாத்திரை எனக்கு. குழந்தை அக்காவுக்கு." முப்பது வருஷ சர்வீஸில் இதைவிட விசித்திரமானதையெல்லாம் பார்த்த நர்ஸ், மேற்கொண்டு கேள்வி கேட்காமல் அவனுக்கும் ஓர் அட்டை போட்டாள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு குடிக்க வேண்டும், அப்போதுதான் இரும்பு உடம்பில் ஏறும், மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ கூடாது, பாலைத் தனியாக வேறு நேரத்தில் குடிக்க வேண்டும் என்று சொன்னாள். பதினொரு டீக்கு நடுவில் மாத்திரைக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே டீயை விட்டான். முதல் வாரம் தலைவலியில் சுவரில் முட்டிக்கொண்டான். அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்தான். கீரையில் மண் போக மூன்று தண்ணீர் அலச வேண்டும் என்பதை முப்பது வயதை நெருங்கும்போது தெரிந்துகொண்டான். மாத்திரை லிப்ட் கம்பியை நக்குவது போல் இருந்தது. அதை அவன் ஒருநாளும் தவறவிடவில்லை. ஒவ்வொரு மாதமும் போய் வரிசையில் உட்கார்ந்தான், பக்கத்திலிருந்த பெண்கள் வாந்திக்கு எது கேட்கும், கால் வீக்கத்துக்கு எது ஆகாது என்று அவனிடம் பேசினார்கள். அவனும் தெரிந்ததைச் சொன்னான்.

ஐந்தாம் மாதம் அக்காவின் ரத்தம் எட்டரை. டாக்டரம்மா தன் மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள். அக்கா சீட்டைப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள், கணவன் ஜன்னலைப் பார்த்தான். அன்று மதியம் வாந்தி நின்றிருந்த வயிற்றுக்கு இரண்டு கைப்பிடி கடலையும் ஒரு டம்ளர் பாலும் கூடுதலாகக் கொடுத்தாள். ஒன்பது மணி நேரம் தள்ளி ஒருவனுக்கு முழங்கால் நடுக்கம் நின்றது. அவன் அன்று கூடுதலாக ஒரு கரண்டி பருப்பு போட்டுக்கொண்டான். அவன் போட்டது அவளுக்குத் தெரிந்தது, அவள் போட்டது அவனுக்குத் தெரிந்தது. போன் இல்லை, கடிதம் இல்லை. ஏழாம் மாதம் ஒன்பதரை, எட்டாம் மாதம் பத்தே முக்கால், ஒன்பதாம் மாதம் பதினொன்றரை. நகம் மடங்காமல் நிமிர்ந்தது, சீப்பில் முடி வருவது குறைந்தது.

பிரசவம் இருபது மணி நேரம் இழுத்தது. ரத்தம் நிறையப் போனது, டாக்டரம்மா பயந்த அளவுக்கே போனது. போன பிறகும் அவள் உடம்பில் போதுமான ரத்தம் மிச்சமிருந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ. குழந்தை குடித்த பால் குழந்தை உடம்பிலேயே ஒட்டியது.

மறுநாள் மதியம் தம்பி வந்தான். பன்னிரண்டு படுக்கை இருந்த வார்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசிப் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அப்போது சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்தது. சோறும் பருப்பும் கீரையுமாகத் தாய்க்கான தட்டை நர்ஸ் அவள் மடியில் வைத்தாள். அவள் அதை இரண்டு கையாலும் எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். தாய்ச் சாப்பாட்டை ஓர் ஆம்பளை தின்பதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரி முகத்தைச் சுளித்தாள். நர்ஸும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கீரைக் காம்பைக்கூட ஒதுக்காமல் தட்டை வழித்து முடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளிறிப்போயிருந்த அவள் உதட்டில் மெல்ல நிறம் ஏறியது. நர்ஸ் அதைக் கவனித்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள் அக்கா.

நர்ஸ் ஒரு கரண்டி போட்டாள். பிறகு கட்டில் முனையில் தொங்கிய அட்டையை எடுத்து, சாப்பாடு என்ற இடத்தில் 'தம்பி சாப்பிடுவார்' என்று எழுதி மாட்டிவிட்டு, வண்டியை அடுத்த வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.