கடைசிக் காட்சிக்கு ஒரே வரி

முன்னறையில் அப்பாவைக் கிடத்தி அரை நாள்கூட ஆகவில்லை. இசையமைப்பாளர் உள்ளறையில் அப்பாவின் மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தார். மகள் வந்து நின்றதைப் பார்த்தும் அந்த மனிதர் கொஞ்சமும் கூசவில்லை.

"கடைசிக் காட்சி மட்டும் கிடைக்கலம்மா. ஒத்திகை நிக்குது."

"அப்பா செத்துட்டார், மாமா."

"அதுக்குத்தானே வந்தேன்," என்றார், அடுத்த இழுப்பறையை இழுத்தபடி.

எதற்கெடுத்தாலும் எக்காளத்தை ஊதவிடுவதால் வீட்டில் இவருக்குத் தகரம் என்று பெயர். பேச்சே இல்லாமல் முழுக் கதையையும் பாடியே நடத்தும் ஓபராவுக்கு, முப்பது வருடமாக அப்பா வரிகள் எழுத, இவர் இசையமைத்தார். முதல் ஓபராவில், விட்டுப் போகிற கணவனிடம் மனைவி, "போய் வா, எனக்கொன்றும் வருத்தமில்லை" என்று பாடுவாள். தகரம் அதை அப்படியே நம்பிவிட்டார். எக்காளம், முரசு, கல்யாண வீடு தோற்றுப்போகும் கொண்டாட்டம். இந்தக் கல்நெஞ்சக்காரியிடமிருந்து அவன் தப்பித்தான் என்று சபை கைதட்டியது. அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் எழுதிய பெண்கள் எல்லாரும், "நெஞ்சு வெடிக்கிறதே, கண்ணீர் பெருகுகிறதே" என்று தங்கள் அழுகைக்குத் தாங்களே விளக்கம் சொன்னார்கள். இந்த ஆளால்கூடக் கெடுக்க முடியாதபடி எழுதினாராம். போன மாதம் படுக்கையில்தான் அதைச் சொன்னார். ஊரே அந்த வரிகளைப் பார்த்துச் சிரித்தது. மகளும் தோழிகளிடம் பாடிக்காட்டிச் சிரித்தவள்தான். இப்போது நினைத்தால் தன் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

கடைசிக் காட்சி அவள் கைப்பையில் இருந்தது. காலையில் அப்பாவின் தலையணைக்கடியில் கிடைத்தது. சாகக் கிடக்கும் தாய். பத்து வருடம் எட்டிப் பார்க்காத மகள் உள்ளே வருகிறாள். தாய்க்கு ஒரே வரி: "கதவைச் சாத்து, குளிர் வருகிறது." போகிற நேரத்தில் அப்பாவுக்கு மறுபடி துணிச்சல் வந்திருந்தது. இதைத் தகரத்திடம் கொடுப்பதைவிட அப்பாவோடு சேர்த்து அனுப்பிவிடலாம். கொடுக்காவிட்டாலோ, இவரே ஒரு பக்கம் ஒப்பாரி எழுதி, அதற்கு அப்பா பெயரைப் போட்டு மேடையேற்றுவார். செய்யக்கூடிய ஆள்தான்.

காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் படித்தார். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். "இவ்வளவுதானா? சாகப்போறவ எதுக்குக் கதவைப் பத்திப் பேசறா?"

"வேற எதையும் அவளால சொல்ல முடியாது மாமா. அதை நீங்கதான் வாசிக்கணும்."

"சொல்லாததை எப்படிம்மா வாசிக்கறது?"

"அப்ப முப்பது வருஷம் என்னத்தை வாசிச்சீங்க?"

தகரத்தின் முகம் சிவந்தது. மூலையிலிருந்த பியானோவின் மூடியைத் திறந்தார். முதலில் விம்மி விம்மி ஒன்று பாடினார்.

"இல்லை," என்றாள்.

வேறொன்று பாடினார்.

"இதுக்கு உங்க எக்காளமே தேவலை."

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னறைப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த வரியைப் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் பாடினார். இடது கை மட்டும் கீழே தாழ்ந்த ஒற்றைச் சுரத்தை அழுத்தியிருந்தது. வரி முடிந்தும் விரலை எடுக்கவில்லை. சத்தம் தானாகத் தேய்ந்து அடங்கியது.

"வண்டி வந்தாச்சு, தூக்கணும்," என்று முன்னறையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"வரேன்," என்றாள். ஆனால் நகரவில்லை.

"இன்னொரு தடவை வாசிங்க மாமா."