வயிற்றில் விளக்கு உள்ளவை

1

என் கைப்பேசியில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு வருடமாக யாருக்கும் காட்டவில்லை. உங்களுக்குக் காட்டத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். கை என்னவோ கணவாய் மீனைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டது.

முதல் தொடக்கம்: "மார்ச் மாதம் மின்மினிக் கணவாய்கள் கரை ஒதுங்கும்போது தொயாமா விரிகுடா நீலமாக..." (சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஹிசானோ கடலில் இறங்கிய அன்று நான்"

2

முதலில் வெளிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். கணவாயின் உடம்பில் ஒரு பொருள் பிராணவாயுவோடு சேர்ந்து ஒளிர்கிறது. இன்னொரு பொருள் அதை முடுக்கிவிடுகிறது. சூடே கிடையாது. கைநுனி விளக்குகள் எதிரியை மிரட்ட என்கிறார்கள். வயிற்றில் இருக்கும் பொடி விளக்குகளுக்கு வேறு வேலை. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, மேலே வெளிச்சம் இருக்கும்போது கணவாய் கறுப்பு நிழலாகத் தெரியும். அந்த நிழலை அழிக்க, மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அவ்வளவே வயிறும் ஒளிரும். யார் கண்ணிலும் படாமல் இருக்க ஒளிர்கிறது.*

* நூலகப் புத்தகத்தில் படித்தது. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் குரல் வராது, அதனால் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகும் எனக்குச் செய்தி அனுப்பியவள் என்னோடு படித்த ஹிசானோ மட்டும்.

3

கதாபாத்திரம்: தோகியே அத்தை, ஹிசானோவின் அம்மா. வேகவைத்த கணவாயின் கண்ணையும் வாயையும் சாமணத்தால் பிடுங்கும் கொட்டகையில் எனக்குப் பக்கத்து இடம்.

எதிரே குராத்தா அக்கா. "மினோரி, கண்ண எடுக்கச் சொன்னா தலையையே பிச்சுட்டியே. உன்ன மாதிரி அதுக்கும் வாய் இல்லேன்னு நெனச்சியா?"

"அவள விடு," என்றார் அத்தை. "பேசாததுங்கதான் உசிரோட இருக்குதுங்க. எம்பொண்ணு வாயாடி."

(இங்கே அத்தை அழுததாக எழுதி, அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. சாமணம் நிற்காமல் ஓடியது.)

"பரீட்சை முடிவு வந்த அன்னிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? எம்மூஞ்சிலயே முழிக்காதேன்னேன். முழிக்கல."

அடுத்த கணவாயை எடுத்துக்கொண்டே, "அவ கணவாய் அள்ளத்தான் போனாளா, இல்ல சாகப் போனாளா? உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு" என்றார்.

"தெரியாது அத்தை."

(என்மேல் இரக்கம் வரும்படி எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. வேண்டாம்.)

4

செய்தி இதுதான்:

"பாஸாகல. அம்மா கத்துறாங்க. அது கெடக்கட்டும். தெக்குக் காத்து, அலையே இல்ல, இன்னிக்கு நெறைய ஒதுங்கும். உன் பெரிய வாளிய எடுத்துட்டு வா. நான் எறங்குறேன், நீ கரையில லைட் புடி. கணவாய்க்கு வினிகர் மிசோ விழுது போட்டுக் குடுத்தா அம்மா சமாதானம் ஆயிடுவாங்க."

எங்கள் ஊரில் இரண்டு பேராகத்தான் போவார்கள். நீல ஒளியைத் துரத்தி அள்ளுகிறவருக்குக் கரை எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும். ஓர் அடி தவறினால், மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் நிறையும். பிறகு எழ முடியாது.

செய்தி வந்த உடனே படித்தேன். படித்ததற்கான அடையாளம் அவள் திரையிலும் விழுந்திருக்கும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று

5

முடிவு ஒன்று: அத்தையிடம் காட்டுகிறேன். மகள் சாகப் போகவில்லை, தனக்காகத்தான் போனாள் என்று தெரிந்து அவர் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு நிமிர்ந்து, இது யாருக்கு வந்த செய்தி என்று பார்க்கிறார்.

முடிவு இரண்டு: அழித்துவிடுகிறேன். கொட்டகைக்குப் போகிறேன். கண், வாய், கண், வாய்.

முடிவு மூன்று: "வரேன்" என்று அன்றைக்கே பதில் அனுப்புகிறேன். (இதைத்தான் அதிக முறை எழுதியிருக்கிறேன். ஒரு நோட்டு முழுக்க.)

6

கதை இங்கே நிற்க வேண்டியது. ஆனால் இன்று காலை அத்தை கையைத் துடைத்துக்கொண்டே, "நானும் இன்னிக்கு ராத்திரி எறங்கிப் பாக்கப்போறேன். அவ ரப்பர் கால்சட்டைய போலீஸ் திருப்பிக் குடுத்தாங்க, அதையே போட்டுக்குறேன். நீ வரியா?" என்றார்.

குராத்தா அக்கா சிரிக்கவில்லை.

இன்று அமாவாசை. தெற்குக் காற்று. இப்போது மாலை மணி நாலு. அத்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் எழுதினால், நடந்ததோ இல்லையோ, எழுந்து ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் எழுதுவேன்.