விருமாண்டியின் கை முறிந்த விதம்

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து கிளம்பியது. முப்பத்தெட்டாம் வருஷம் மதுரைக் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன் நான். வாடிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. எவன், எதை, என்ன செய்தான். அதற்கு மேல் எனக்குக் கதை எழுதத் தெரியாது. ஆகவே முதல் வாக்கியம்:

கருத்தக்கண்ணன் மடைத் தகராறில் விருமாண்டியின் கையை முறித்தான்.

(இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

2

அடிக்கச் சொன்னவள் முத்துத்தாய், பேரையூர்ப் பக்கத்துக்காரி. கருத்தக்கண்ணன் அவள் உடன்பிறந்த அண்ணன். விருமாண்டி கட்டிய புருஷன். மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய கையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"எங்கண்ணன் பேரு வேணாம்யா. கை முறிஞ்சு போச்சுன்னு எழுதுங்க."

"தானா முறிஞ்சுச்சாக்கும்? இதென்ன முருங்கைக் கொப்பாடி?" என்றான் விருமாண்டி.

"அது ஜெயிலுக்குப் போனா எனக்குப் பொறந்த வீடு ஏது?"

"இம்புட்டுக் கூழு தூக்கிக் குடிக்க முடியல. ஒங்கண்ணன் வந்து ஊட்டுவானா?"

3

இரண்டாவது தொடக்கம்:

மடைத் தகராறில் விருமாண்டியின் கை முறிந்தது.

தமிழ் இதற்கு இடம் கொடுக்கிறது. செய்தவனை விட்டுவிட்டாலும் வாக்கியம் நொண்டுவதில்லை. எனக்கு அலுப்பே அதுதான். [இங்கே, செய்தவன் இல்லாத வாக்கியங்கள் யாருக்கெல்லாம் உதவுகின்றன என்று ஒரு பத்தி எழுதத் தொடங்கி] வேண்டாம். வலிக்கிறவன் காத்திருக்கிறான்.

மூன்றாவது:

விருமாண்டியின் கையை மடைத் தகராறில் முறித்தவன்

முத்துத்தாய் என்னைப் பார்த்தாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது. எங்கே சுற்றினாலும் 'முறித்தல்' என்ற வினைக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

4

கருத்தக்கண்ணனே வந்து மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். (பிடிக்க அந்தக் கை ஆகாது.)

நடந்தது இவ்வளவுதான். விருமாண்டி நல்ல கையின் பெருவிரலை மையில் தொட்டுக்கொண்டு சொன்னான்: "எழுதினதைப் படிங்கண்ணே. சரியா இருந்தா ரேகை வைக்கிறேன்."

இருவருக்கும் எழுத்துத் தெரியாது. நான் வாயால் படிப்பதுதான் அவனுக்கு மனு. காகிதத்தில் இருப்பதுதான் கச்சேரிக்கு மனு. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று பிடித்து நிறுத்த அங்கே யாரும் இல்லை. முத்துத்தாய் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு எழுத்துத் தெரியும். வாக்கியங்களும் மேலேதான் இருக்கின்றன. காகிதத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். விரலில் மை காய்வதற்குள் ஒன்றைத் தேர்ந்து அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.