வண்டியில் கழற்றிய உடுப்பு

ஏவால்டுக்கு அன்றைக்கு எழுபதாவது பிறந்தநாள். பிற்பகல் வீட்டில் காபியும் கேக்கும், தெருவே வரும். மகள் வீப்கேயும் ராணுவ முகாமிலிருந்து வருகிறாள். அவளைக் கூட்டிவர லூனெபுர்க் நகர ரயில் நிலையத்துக்கே போய்விட்டார். பாசம் பாதிதான். மீதி, அவள் என்ன போட்டுக்கொண்டு வருகிறாள் என்று பார்க்க.

பயந்தபடியேதான் வந்தாள். பச்சைப் புள்ளி ராணுவ உடுப்பு, தொப்பி, கனத்த பூட்ஸ்.

"என்னடி இது? வேற துணியே இல்லையா ஒனக்கு?"

"உடுப்புல வந்தாத்தான்ப்பா எங்களுக்கு ரயில் இலவசம். அது சட்டம்."

"அந்தச் சட்டம் போட்டவன நம்ம ஊருக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகச் சொல்லு, பாப்போம்."

அவர்கள் ஊரில் உடுப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். அணுக்கழிவு ஏற்றிய ரயில் வந்த காலத்தில் அதை மறிக்க ஊரே தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தது. தலைக்கவசம் போட்ட போலீஸ்காரர்கள் ஒவ்வொருவரையும் குண்டுக்கட்டாகத் தூக்கி வயலில் எறிந்தார்கள். அன்றைக்கு மூட்டு நழுவிய தோள் ஏவால்டுக்கு இன்னும் மழைக்கு வலிக்கும். போலீஸ் வேறு, ராணுவம் வேறு என்று வீப்கே எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அது அவருக்குத் தெரியாமலா? ஆனால் ஊர் அப்படிப் பிரித்துப் பார்க்காது. உள்ளுக்குள் அவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஊருக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அவர் முகம் மாறியது. பின்னால் நாலு வரிசை தள்ளிப் பக்கத்து வீட்டுக் கெசீனே. அந்தக் காலத்தில் தண்டவாளத்திலிருந்து கடைசியாகத் தூக்கப்பட்டவள். எதிர்ப்புக்கு அடையாளமாக அறைந்த மஞ்சள் மரச் சிலுவையை இன்னும் கொட்டகைக் கதவிலிருந்து எடுக்காதவள்.

"கெசீனே இருக்கா. கழிப்பறைக்குப் போய் மாத்திக்க."

"டிக்கெட் பாக்குறவர் வந்தா?"

"இந்த லைன்ல எவன் வர்றான்? எனக்காகடி. பொறந்தநாளும் அதுவுமா."

வீப்கே எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நீலக் கம்பளிச் சட்டையில் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். ஏவால்டுக்கு மனசு லேசாகிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் ஏறினான் டிக்கெட் பரிசோதகன். மீசை சரியாக முளைக்காத பயல். அவள் காட்டிய ராணுவ அட்டையைப் பார்த்தான், அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உடுப்பு எங்கம்மா?"

"பையில இருக்கு. ரெண்டு நிமிஷம் குடுங்க, போட்டுட்டு வந்துடுறேன்."

"நான் வந்தப்புறம் போடுறதுக்கு என்ன, நாடகமா?" குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. "போட்டுக்க வெக்கமா இருக்கு, ஓசிப் பயணம் மட்டும் இனிக்குதோ?"

யாரோ சிரித்தார்கள். வீப்கேயின் காதுமடல் சிவந்தது. அப்பா சொல்லித்தான் கழற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏவால்ட் ஜன்னல் வழியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ போல.

"அபராதம் எழுதினா ஒங்க முகாமுக்கும் சேதி போகும். வேணாம்னா இப்போ இறங்கிக்க. உடுப்போட அடுத்த வண்டியில வா."

அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம். அதற்குள் காபி முடிந்து ஆட்கள் கலைந்துவிடுவார்கள். வீப்கே பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏவால்ட் இருக்கையை விட்டு எழவில்லை. எழுந்தால் அவள் தன் மகள் என்று பெட்டிக்கே தெரிந்துவிடும். கதவு மூடியது. கூரையில்லாத நடைமேடையில், குளிரில், தன் மகள் உடுப்பின் மேல்சட்டையை மாட்டுவதை அவர் பார்த்தார்.

கெசீனே எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நம்ம வீப்கேயத்தான இறக்கிவிட்டாங்க?"

"ஆமா."

"நீ ஏன்யா இறங்கல?"

"நான் இறங்கி என்ன ஆகப்போவுது?"

"லூனெபுர்க்ல நீ அவளப் பாக்குறதுக்கு முன்னாடியே நான் பாத்தேன், உடுப்போட. வணக்கம்கூடச் சொன்னா எனக்கு. அப்புறம் எதுக்குக் கழட்டினா?"

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்காகவா?" என்றாள். "அந்தத் துணி எனக்கு ஆகாது. சாகுற வரைக்கும் ஆகாது. அத அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன், அவளும் பதில் சொல்லுவா. நீ யாரு நடுவுல? அன்னைக்குத் தண்டவாளத்துல போலீஸ் ஒன்னத் தூக்குனப்ப நான் ஒன் கால விட்டேனா? இழுத்துப் புடிச்சுட்டுக் கெடந்தேன்ல?"

ஊர் வந்தது. ஏவால்ட் வீட்டுச் சாவியை நீட்டினார். "எல்லாருக்கும் காபிய ஊத்து. அவ வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

"ஏன் வரலன்னு கேப்பாங்களே?"

"நீயே சொல்லிடேன்."

"நான் சொல்லமாட்டேன். அது ஒன் வாயால வரணும்." சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வண்டி வந்தது. வீப்கே முழு உடுப்பில் இறங்கினாள். அவரைக் கண்டதும் நின்றாள்.

"வீட்டுல ஆளுங்க இருக்காங்களா?"

"கொஞ்சப் பேர் இருப்பாங்க." மூன்று மணி நேரமாக யோசித்து வைத்ததில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

"அப்ப நீங்க முன்னாடி போங்கப்பா," என்றாள். "நான் கொஞ்சம் தள்ளி வர்றேன். சேந்து வந்த மாதிரி தெரியாது."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அவருக்கு வசதி செய்து கொடுக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் போகட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.