ஊற்றுக்கு எட்டுச் சான்றிதழ்

புது மீட்டர் வந்து மூன்று நாளாகியும் உறை பிரிக்காமல் கிடந்தது. அன்று மதியம்தான் நீர்ப் பரிசோதகர் அதைக் கையில் எடுத்தாள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. எதிலாவது முக்கிப் பார்க்கலாமே என்று மேஜையில் கைக்கெட்டிய பாட்டிலில் விட்டாள். அது கோயில் ஊற்றுத் தண்ணீர். எண் முப்பத்தெட்டில் நின்றது.

மீட்டரைத் திட்டினாள். அரசாங்கம் வாங்கிக் கொடுத்த எது முதல் நாளே ஒழுங்காக வேலை செய்திருக்கிறது? துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். முப்பத்தெட்டு. குழாய்த் தண்ணீரில் விட்டால் எழுநூறு. தான் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் விட்டாள். முப்பத்தெட்டு.

பாட்டிலையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தாள். பாறை இடுக்கில் ஊறி வரும் தண்ணீர் அத்தனை கல்லையும் கரைத்துக்கொண்டுதான் வரும். இப்படி உப்பே இல்லாமல் வர அது என்ன கம்பெனி கேனா?

விஷயம் இதுதான். குன்றின் பின்பக்கம் உலோகத்துக்கு முலாம் பூசும் ஆலை ஒன்று இருந்தது. அதன் கழிவு ஊற்றில் கலக்கிறது என்று இரண்டு வருடமாகச் சிலர் கத்தினார்கள். ஆலைக்காரர் ஆளுங்கட்சியில் பெரிய கை. கழிவைப் பற்றிய பேச்சைக் கட்சி லாகவமாகச் சாமியைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டது. ஊற்றை அசுத்தம் என்பவன் நம் மதத்தைப் பழிப்பவன் என்று ஊரெங்கும் சுவரொட்டி. கத்தியவர்களில் ஒருவனுக்குக் கை முறிந்தது. இன்னொரு குடும்பம் ஊரைவிட்டே போனது. அடித்தவர்கள் கையில் கம்போடு கூட ஒரு காகிதமும் இருந்தது: ஊற்று நீர் தூய்மையானது என்ற சான்றிதழ். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எட்டுச் சான்றிதழ்கள். எட்டிலும் இவள் கையெழுத்து.

பொய்க் கையெழுத்து அல்ல. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் போட்டாள். படிவத்தில் ஏழு கட்டம், ஏழையும் பார்த்தாள். உப்புக்குக் கட்டம் இல்லை, அதைப் பார்க்கவில்லை.

அந்தச் சான்றிதழ்களை நம்பித்தான் ஊற்றிலிருந்து நானூறு வீடுகளுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். இன்று நாலு மணிக்கு அமைச்சர் வந்து வால்வைத் திறக்கிறார். ஒன்பதாவது சான்றிதழை வாங்கிப்போக வார்டு உறுப்பினர் ஒன்றரை மணிக்கே வந்து நின்றார். அவர் அவளுடைய உடன்பிறந்த அண்ணன்.

"என்ன பாப்பா, இன்னும் கையெழுத்துப் போடலையா? அங்க பந்தல்ல ஆளுங்க சேர ஆரம்பிச்சாச்சு."

"பாட்டில்ல தண்ணி பிடிச்சது யாரு?"

"யாரு, எப்பவும் போல நம்ம ஊற்றுக்காரர்தான். அதிகாரிங்க மூணு பேரு சாட்சி. நானும் இருந்தேன்."

"அவர் ஊற்றுல முக்கினதைக் கண்ணால பார்த்தியா?"

எப்படிப் பார்த்திருக்க முடியும்? கோயில் ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் ஊற்றுக்காரரைத் தவிர வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. சாட்சிகள் ஊற்றைச் சுற்றிய கம்பிக்கு வெளியே நிற்பார்கள். காலி பாட்டில் உள்ளே போகும், நிறைந்த பாட்டில் வெளியே வரும். இத்தனை நாளும் சாட்சிகள் பார்த்தது ஊற்றுக்காரரின் முதுகைத்தான்.

"இது ஊற்றுத் தண்ணி இல்லண்ணா. வண்டியை எடு."

போகும் வழியெல்லாம் அண்ணன் சத்தியம் செய்துகொண்டே வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்பதை அவள் நம்பினாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மனிதர் அவர்.

ஊற்றுக்காரர் மறைக்கவே இல்லை. கேட்டதும் சிரித்தார்.

"ஆமாம்மா, கேன் தண்ணிதான். முதல் தடவை வந்தப்ப நீதானே சொன்னே, ஆசிட் ஊத்திக் கொதிக்க வைப்போம், மிச்சத்தைச் சிங்க்ல கொட்டிடுவோம்னு. சாமி தண்ணியைச் சாக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. உங்களுக்குத் தேவை ஒரு காகிதம். அதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன? சாமிக்குப் பரீட்சை வச்சா பாஸ் பண்ணாமலா போயிடும்?"

அவளுக்குக் கத்தத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஊரை ஏமாற்ற அவர் நினைக்கவில்லை. சாமிக்கு மரியாதை செய்ததாக நினைத்தார். அவர் விரல் நுனிகளில் ஆறாத புண்கள் இருந்தன. இரண்டு வருடமாக அவற்றைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்து, குளிர் வெடிப்பு என்று நினைத்திருந்தாள்.

"ஐயா, ஒரு கண்ணாடிக் குழாய் அளவு போதும். இப்போ உங்க கையாலேயே எடுத்துக் குடுங்க. நீங்க பார்க்கப் பார்க்கவே செய்றேன்."

ஊற்றுக்காரர் கண்ணாடிக் குழாயை வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய் எடுத்து வந்தார். கையோடு கொண்டு வந்திருந்த சோதனைப் பெட்டியைத் திறந்து அவள் இரண்டு சொட்டு அமிலம் விட்டாள். ஊற்றுக்காரர் கண்களை மூடிக்கொண்டார். அடுத்து மருந்தை விட்டாள். நல்ல தண்ணீராக இருந்தால் நிறம் மாறாது. அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பத்துக்குள்ளாகவே தண்ணீர் கத்திரிப்பூ நிறத்துக்கு வந்து, இன்னும் அடர்த்தியாகிக்கொண்டே போனது. முலாம் ஆலையின் உலோக விஷம். அனுமதித்த அளவைத் தாண்டிப் பல மடங்கு.

 அண்ணன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 

"பாப்பா, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே. விழா முடியட்டும். பொழுது சாயறதுக்குள்ள நானே வால்வை மூடிடறேன். ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"நாலு மணிக்குத் திறந்தா நாலரைக்குள்ள நானூறு வீட்லயும் குடம் குடமா பிடிச்சு வச்சிருவாங்க. குழாய்த் தண்ணியா இருந்தா மறுநாள் கொட்டிடுவாங்க. இது சாமி தண்ணி. ஒரு மாசத்துக்கு வச்சுக் குடிப்பாங்க. சீக்குல கிடக்கிறவனுக்குத்தான் முதல்ல குடுப்பாங்க."

"சொன்னா உன் வேலை போயிடும். எட்டு கையெழுத்து! ஜெயில்ல வைப்பாங்க."

"தெரியும்."

"என்னையும் கட்சியில இருந்து தூக்கிடுவாங்க."

"அதுவும் தெரியும்ணா."

கீழே சைரன் கேட்டது. அமைச்சரின் கார்கள் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணன் ஊற்றின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளைத் தடுக்கவில்லை. கூட வரவும் இல்லை.

பந்தலில் அவளுடைய எட்டாவது சான்றிதழை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். தன் கையெழுத்து அத்தனை கோணலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சோதனை அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் மைக்கை நீட்டினார்கள். பாராட்டிப் பேசப் போகிறாள் என்று முன்வரிசை கைகூடத் தட்டியது.

"இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க" என்றாள். "ஆலைக் கழிவு கலந்திருக்கு. நான் குடுத்த எட்டு சான்றிதழும் தப்பு. வேற தண்ணியைச் சோதிச்சுட்டு ஊற்றுத் தண்ணின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். தப்பு என்னோடது."

ஊற்றுக்காரர் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

 யாரோ "எந்தக் கட்சிக்காரிடி நீ?" என்றான். முதல் செருப்பு தோளில் பட்டது. இரண்டாவது மைக்கில் பட, அது பந்தல் முழுக்கக் கீச்சென்று கத்தியது. மதத் துரோகி என்றார்கள். மலைப்பாதையில் கார்கள் நின்று, ஒவ்வொன்றாகத் திரும்பின. வால்வில் யாரும் கை வைக்கவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டாள். போலீஸ்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்துக் கூட்டத்தின் ஊடே ஜீப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் வழிமறித்தாள். இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, கால்கள் குச்சியாகத் தொங்கின. அவள் கையில் செருப்பு இல்லை.

"டாக்டருங்களால ஆகலைன்னு ரெண்டு வருஷமா இந்தத் தண்ணிதான் குடுக்கிறேன். காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். நல்ல தண்ணின்னு நீங்க எழுதினதை வீட்ல ஒட்டி வச்சிருக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அப்போ, இவனுக்கு விஷத்தை நான்தான் குடுத்தேனா?"

போலீஸ்காரர் ஜீப் கதவைத் திறந்தார். பரிசோதகர் ஏறவில்லை. அந்தப் பெண் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.