வடக்கு மேடு

ஹுமேராவின் குழந்தைக்கு நாற்பது நாள்கூட நிறையவில்லை, அதற்குள் முனைவர் பட்டத்தின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. தள்ளிப்போடலாம் என்றார் வழிகாட்டி. அவள்தான் மறுத்துவிட்டாள். வெளித்தேர்வாளராக வருபவர் பேராசிரியர் ராஜாமணி. அவர் முன்னால் தன் ஆய்வைப் பேசிவிட வேண்டும் என்று பல வருடங்களாகக் காத்திருந்தவள் அவள். காரிமங்கலத்தில் தாய்வீட்டில் இருந்தபடியே, இணையம் வழியாகத் தேர்வு நடப்பதென்று முடிவானது.

இலங்கைக்குத் தெற்கே, வெளிச்சம் எட்டாத ஆழத்தில், கடலடியில் இரண்டு நீண்ட மண்மேடுகள் கிடக்கின்றன. ஆற்றுச்சேறு சரிவில் இறங்கிக் குவிந்ததுதான் இரண்டுமே என்று ராஜாமணி முன்பே எழுதியிருந்தார்; மற்றவர்களும் அதையே சொல்லிவந்தார்கள். ஹுமேராவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி, கடலடிக்குக் கீழே ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பியதைப் படமாக்கிப் பார்த்தபோது, வடக்கு மேட்டின் அடுக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஏறியிருந்தன. மேட்டின் ஓரமாக நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடியது. மேடும் பள்ளமும் சரிவில் இறங்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே, ஒரே ஆழத்தைப் பிடித்துக்கொண்டு போயின. தெற்கே பனிக்கடலிலிருந்து அடித்தரையை ஒட்டி ஊர்ந்து வரும் குளிர்ந்த நீரோட்டம்தான் அந்த மேட்டைக் கட்டியிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. மேட்டில் நீளக்குழாயை இறக்கி மண்ணெடுத்தார்கள். நீர் விரைந்து ஓடிய காலத்தில் சற்றுப் பெரிய துகள்கள் தங்கியிருந்தன. சோர்ந்த காலத்தில் மாவு போன்ற சேறு. பனியுகத்தில் அந்த நீரோட்டம் தளர்ந்ததையும் பனி உருகியபின் வேகம் பிடித்ததையும் அவள் அந்த மண்ணில் படித்தாள்.

இந்தத் தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொல்லி, இணைப்பையும் அனுப்பிவைத்தாள். அப்பா உசேன் பீரோ பட்டறை நடத்துபவர். கேட்டவுடன் இணைப்பை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். காலையில் திரையைத் திறந்தால், ஆராய்ச்சியாளர்களின் பெயர்களுக்கு நடுவே 'சோஹைல் பர்னிச்சர்', 'தௌபிக் மட்டன்', 'சின்னராஜ் டீ ஸ்டால்' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. தவறான ஆட்கள் யாரோ நுழைந்துவிட்டார்களா என்று கூட்டத்தை நடத்திய அம்மையார் குழம்பிப்போய்க் கேட்டார். ஹுமேராவுக்கு முகம் சூடேறியது.

"இல்லைங்க மேடம். எல்லாரும் எங்க ஊர்க்காரங்க" என்றாள். சொல்லி முடித்ததும் கூச்சம் எங்கோ போய்விட்டது.

அவள் தன் ஆய்வைப் பேசி முடித்தாள். ராஜாமணி நேராக விஷயத்துக்கு வந்தார். ஒலிப்படத்தில் தெரிவது வெறும் வடிவம். வடிவத்தை வைத்துக் கதை கட்டுவது எளிது. மண்ணில் பெரிய துகள்கள் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அவற்றை நீரோட்டம் கொண்டுவந்தது என்பதற்கு என்ன சாட்சி? மேலே எங்கோ சேறு சரிந்தாலும் பெரிய துகள் வந்து விழுமே?

அவள் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் உள்ளறையில் குழந்தை வீறிட்டது. அம்மா ஹமீதுன்னிசா தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தாள். பசி அழுகை, அடங்கவில்லை. ஹுமேரா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

காத்திருந்தவர்களின் மௌனம் உசேனுக்குப் பொறுக்கவில்லை போலும். பட்டறையிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தவர், தான் பெண்ணின் அப்பா என்று அறிமுகம் செய்துகொண்டார். பால் கொடுத்துக்கொண்டிருந்த ஹுமேராவுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒலித்ததெல்லாம் கேட்டது. காரிமங்கலத்திலிருந்து கடல் எந்தப் பக்கம் என்று ராஜாமணி தமிழில் விசாரித்தார்.

"எந்தப் பக்கம் போனாலும் பஸ் மாறி மாறித்தான் போவணும்ங்க. காலேஜுக்குப் போற வரைக்கும் எம்பொண்ணு கடலையே பார்த்ததில்லீங்க. இப்ப அதுக்கு அடியில என்ன இருக்குதுன்னு உங்களுக்கே சொல்லுதுங்க."

ராஜாமணி சிரித்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஹுமேராவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளிடம் படபடப்பு இல்லை. கப்பலில் அந்த மண்குழாயை நீளவாக்கில் பிளந்தபோது எடுத்த படத்தைத் திரையில் போட்டாள். மண் முழுக்கப் புழுக்கள் குடைந்து புள்ளி புள்ளியாகக் கலங்கியிருந்தது. ஓர் அடுக்கு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நீரோட்டம் மெல்ல மெல்லப் படியவைத்த மண் அப்படித்தான் இருக்கும்; சேறு ஒரேயடியாகச் சரிந்து விழுந்திருந்தால் எல்லை கோடுபோலத் தெரியும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சாம்பல் நிறப் பட்டை ஒன்று, அடிப்பக்கம் கத்தியால் கீறினாற்போல் நேராக நின்றது.

அந்தப் பட்டை சரிந்து வந்த சேறுதான், அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை என்றாள். கையால் தொட்டபோதே அது வேறு மண் என்று தெரிந்ததாகவும், அதை விலக்கியபின்தான் வேகத்தைக் கணக்கிட்டதாகவும் சொன்னாள். சேர்த்தால் என்ன வரும், விலக்கினால் என்ன வரும் என்று இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பட்டை இருந்த இடத்தில் மட்டும் கோடு மாறியது. வேகத்தின் ஏற்ற இறக்கம் மாறவில்லை.

ராஜாமணி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இவ்வளவு முக்கியமானதைப் பின்னிணைப்பில் ஏன் ஒளித்துவைத்தீர்கள் என்று கேட்டார். அது தன் பிழைதான், ஆய்வேட்டின் நடுவுக்கே கொண்டுவந்துவிடுகிறேன் என்றாள்.

"கொண்டு வாங்க. நான் ஒரே ஒரு ஒலிப்படத்தை வச்சு எழுதினேன். நீங்க மேடு முழுக்கச் சுத்தி வந்திருக்கீங்க. வடக்கு மேட்டுல நான் சொன்னது தப்பு. தெற்கு மேட்டை மட்டும் இப்ப விட்டுத்தர மாட்டேன்."

"அங்கயும் மண்ணெடுத்துப் பார்த்துடலாம் சார்" என்றாள் அவள்.

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். அறிஞர்கள் சிலர் கேட்டார்கள். கடைசியாக, பாத்திரங்கள் கழுவும் சத்தத்தோடு சின்னராஜின் குரல் வந்தது: "அந்தத் தண்ணி இப்பவும் ஓடுதுங்களா?"

ஓடுகிறது என்றாள் ஹுமேரா. இப்போதும் தெற்கிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது, உலகம் சூடாகும்போது அதன் வேகம் என்னவாகும் என்று தெரிந்துகொள்ளத்தான் பழைய வேகத்தைத் தோண்டிப் பார்க்கிறோம் என்று தமிழிலேயே விளக்கினாள். அன்று அவள் சொன்ன பதில்களில் அவளுக்கே மிகவும் பிடித்தது அதுதான்.

பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது தெருவில் பட்டாசு வெடித்தது. தொட்டிலில் குழந்தை துள்ளி விழித்தது. உசேன் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து, மகளின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ப்ளெக்ஸ் வைத்தே தீருவேன் என்று மறுநாள் அவர் பிடிவாதம் பிடித்தார். தன் படம் கூடாது என்று அவள் ஒரே முடிவாகச் சொன்னாள். வேறு யார் படத்தைப் போடுவது என்று அவர் முறுக்கிக்கொண்டதும், வடக்கு மேட்டின் ஒலிப்படத்தை அச்சுக்கடைக்கு அனுப்பிவைத்தாள். அலை அலையாய்க் கறுப்புக் கோடுகள். கீழே அவள் பெயர், முன்னால் 'முனைவர்'.

ஊரில் பலர் அதை ஸ்கேன் படம் என்று நினைத்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் உசேன் விளக்கம் சொன்னார். பாதி தப்பாகச் சொன்னார். தடுப்பூசி போட்டுவிட்டுக் குழந்தையோடு திரும்பும் வழியில் ஹுமேரா அங்கே ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள், அந்தக் கோடெல்லாம் என்னம்மா என்று கேட்டார்கள். அவள் இறங்கி, குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி அந்தப் பள்ளத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். பஸ் வந்தது. அவர்கள் அடுத்ததில் போய்க்கொள்வதாகச் சொல்லி நின்றுவிட்டார்கள்.